எரியும் ஈறும் படியும் காரையும்: வாய் லைக்கன் பிளானஸும் ஈறு நோயும் சேரும் இடம்

ஈறு சிவந்திருக்கிறது, பல் துலக்கினால் ரத்தம் வருகிறது, காரம் பட்டால் எரிகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று பழைய வட ஆற்காடு முழுக்க இதற்குக் கிடைக்கும் முதல் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான். உடம்பு சூடு என்பார்கள். மணத்தக்காளிக் கீரை, இளநீர், மெடிக்கல் ஷாப்பில் பத்து பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, கூடவே ஒரு ஜெல். சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும் என்பதால் இந்த வைத்தியத்துக்கு நல்ல பெயரும் கிடைத்துவிடுகிறது. ஆறாமல் மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் பல்லில் படிந்த அழுக்கும், அது கல்லாக இறுகிய காரையும்தான். ஆனால் ஒரு சிறு பகுதியினருக்கு வேறொரு நோய் இருக்கிறது. அதன் பெயர் வாய் லைக்கன் பிளானஸ். அது ஈறில் வந்துவிட்டால் ஈறு நோயும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் ஒன்று மற்றொன்றை வளர்க்கத் தொடங்குகிறது. இந்தக் கூட்டு எப்படி உண்டாகிறது என்று புரிந்துவிட்டால், வைத்தியத்தில் எங்கே கை வைக்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

லைக்கன் பிளானஸ் என்பது தோலிலும் வாயிலும் வரும் ஒரு நாள்பட்ட அழற்சி. 1869ல் எராஸ்மஸ் வில்சன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். நம் ரத்தத்தில் இருக்கும் டி செல்கள் என்ற பாதுகாப்பு அணுக்கள், கிருமியைத் தாக்குவதற்குப் பதிலாக, வாயின் மேல்தோலில் அடிவரிசையில் இருக்கும் நம்முடைய சொந்த செல்களையே தாக்குகின்றன. ஏன் தாக்குகின்றன என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. கிருமியால் வருவதல்ல, அதனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாயில் வெள்ளை வெள்ளையாக ஏதோ வந்துவிட்டது என்பதற்காக வீட்டில் தனி டம்ளர், தனித் தட்டு வைத்துக்கொண்டு, பேரனுக்கு முத்தம் கொடுக்கவே பயப்படும் பெண்கள் இருக்கிறார்கள். அப்படி ஒதுங்க எந்த அவசியமும் இல்லை.

உலக அளவில் 100 பேரில் சுமார் ஒருவருக்கு இது இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. 1972ல் வெளியான ஒரு ஆய்வு, பக்கத்து மாநிலமான கேரளத்தின் கிராமங்களில் 7,639 பேரின் வாயைப் பரிசோதித்து, 100க்கு 1.5 பேருக்கு இருப்பதாகச் சொன்னது. பெண்களுக்குக் கொஞ்சம் அதிகம். 40 வயதைத் தாண்டியவர்களிடம்தான் பெரும்பாலும் பார்க்கிறோம்.

இதன் சாதாரண வடிவம் வலிக்காது. இரண்டு கன்னங்களின் உட்புறத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடுகள், இழைக்கோலம் போட்டதுபோலப் பின்னிக் கிடக்கும். 1895ல் இவற்றை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் விக்காமின் பெயரால்தான் இந்தக் கோடுகளை இன்றும் மருத்துவர்கள் அழைக்கிறார்கள். பலருக்கு இது இருப்பதே தெரியாது, வேறு எதற்கோ பல் டாக்டரிடம் போகும்போது அவர் கண்டுபிடிப்பார். தொல்லை தருவது இன்னொரு வடிவம். மேல்தோல் மெலிந்து சிவந்து, சில இடங்களில் உரிந்து புண்ணாகிவிடும். ஈறில் வரும்போது பெரும்பாலும் இந்தச் சிவந்த வடிவமாகத்தான் வருகிறது. 10 நோயாளிகளில் ஏறக்குறைய ஒருவருக்கு ஈறில் மட்டுமே இருக்கும், கன்னத்தில் ஒரு கோடுகூட இருக்காது. கண்டுபிடிக்க மிகவும் தாமதமாவது இவர்களுக்குத்தான். பார்ப்பவர் கண்ணுக்கு அது சாதாரண ஈறு வீக்கமாகவே தெரியும்.

கண்ணாடி முன்னால் நின்று உதட்டை விலக்கிப் பாருங்கள். ஈறில் இரண்டு பகுதி உண்டு. பல்லின் கழுத்தை ஒட்டி இருக்கும் மெல்லிய விளிம்பு ஒன்று. அதற்கு அப்பால் எலும்போடு கெட்டியாக ஒட்டியிருக்கும் அகலமான பட்டை இன்னொன்று. பல்லழுக்கால் வரும் ஈறு வீக்கம் விளிம்பில்தான் ஆரம்பிக்கும். இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் முக்கோணச் சதை முதலில் உப்பும். லைக்கன் பிளானஸ் அப்படி இல்லை, அகலப் பட்டை முழுவதுமே செக்கச்செவேலென்று பளபளக்கும். உதட்டுப் பக்கம், கன்னப் பக்கம்தான் அதிகம், நாக்குப் பக்கம் குறைவு. விரலாலோ பஞ்சாலோ லேசாகத் தேய்த்தாலே சிலருக்கு மேல்தோல் உரிந்து வரும். சிவப்பின் ஓரத்தில் ஒன்றிரண்டு வெள்ளைக் கோடு தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. பல்லைச் சுத்தம் செய்து ஒரு மாதம் ஆன பிறகும் சிவப்பு முழுதாகப் போகாமல் இருந்தால், அது வெறும் அழுக்கால் வந்த வீக்கம் இல்லை.

ஈறு நோயைப் பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. பயோரியா என்ற பெயரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பல்லில் படியும் கிருமிப் படலத்தைத் தினமும் எடுக்காவிட்டால் எச்சிலில் இருக்கும் கால்சியம் சேர்ந்து இரண்டு வாரத்துக்குள்ளேயே கல்லாக இறுகத் தொடங்கிவிடும். அதுதான் காரை. அதன் மேல் இன்னும் கிருமி. முதலில் ஈறு வீங்கும், இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். விட்டுவிட்டால் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இடைவெளி ஆழமாகி, உள்ளே எலும்பு கரையும். அந்த இடைவெளி 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் கவலையில்லை, 4க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. பெரும்பாலும் வலியே இல்லாமல் இத்தனையும் நடந்து முடிந்துவிடும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். லைக்கன் பிளானஸ் மேல்தோலையும் அதை ஒட்டிய திசுவையும் தாக்கும் நோய். எலும்புக்குள் இறங்கிப் பல்லை ஆட வைக்கும் குணம் அதற்கு இல்லை. அப்படியிருந்தும், ஈறில் லைக்கன் பிளானஸ் உள்ளவர்களைப் பரிசோதித்த ஆய்வுகள் பலவற்றில், மற்றவர்களை விட இவர்களுக்கு அழுக்கும் ரத்தக் கசிவும் அதிகம், இடைவெளி ஆழம் அதிகம் என்று தெரியவருகிறது. பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. வித்தியாசம் இருப்பதாகச் சொல்பவர்கள் இரண்டு விதமாக விளக்குகிறார்கள். முதல் விளக்கம் உயிர்வேதியியல். இரண்டு நோயிலும் உடம்பு சுரக்கும் அழற்சிப் பொருட்கள் பல ஒன்றே. திசுவை அரிக்கும் சில நொதிகள் இரண்டிலும் அதிகமாக இருக்கின்றன. எனவே ஒரே இடத்தில் இரண்டும் இருக்கும்போது சேதம் கூடுகிறது என்பது அவர்கள் வாதம். இரண்டாவது விளக்கம் மிக எளிது: எரிச்சல் தாங்காமல் பல் துலக்குவதை விட்டுவிடுகிறார்கள்.

நான் இரண்டாவது பக்கம். முதல் விளக்கத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் நோயாளிகள் வாயைத் திறந்து சொல்வதைக் கேட்டால் இரண்டாவது விளக்கம் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அக்கா குடியாத்தம் பக்கத்தில் பீடி சுற்றுகிறார். கடைசியாக அவர் போய்ச் சேர்ந்த பல் டாக்டர் ஒரு இளம்பெண். அவரிடம் அக்கா சொன்னது இதுதான்: "பிரஷ் பட்டாலே உயிர் போவுதுமா. பேஸ்ட்டு வச்சா நெருப்பு வச்ச மாதிரி இருக்குது. அதனால வெறும் தண்ணில கொப்பளிச்சி விட்டுடறேன்." எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டதற்கு, "அது ஆவுது, போன தீபாவளிலேர்ந்து" என்றார். அதற்கு முன் போன இடங்களிலெல்லாம் ஜெல்லும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்திருந்தார்கள். எப்படிப் பல் துலக்குகிறீர்கள் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கீழ்வரிசை முன்பற்களின் உள்பக்கம் முழுக்கக் காரை. வெளிப்பக்கம் ஈறு தோலுரிந்து சிவப்பு. ஒரே வாயில் இரண்டு நோய், ஒன்றைப் பார்த்தால் மற்றொன்று மறைந்துபோகிறது.

இந்தச் சக்கரத்தின் மறுபாதியும் உண்டு. லைக்கன் பிளானஸுக்கு ஒரு வினோதமான குணம்: உரசல், காயம், எரிச்சல் எங்கே விழுகிறதோ அங்கே புதிதாகக் கிளம்பும். தோலில் சொறிந்த கோட்டிலேயே வரிசையாகப் புதுப் பருக்கள் வருவதைத் தோல் மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். கோப்னர் விளைவு என்று அதற்குப் பெயர். வாயில் அந்த உரசலைத் தருவது எது? உடைந்த பல்லின் கூர்மை, சரியாகப் பொருந்தாத பல்செட்டின் கம்பி, அழுத்தித் தேய்க்கும் கடின பிரஷ். இவற்றோடு காரையையும் சேர்க்க வேண்டும். சொரசொரப்பான காரை ஈறை உரசிக்கொண்டே இருக்கிறது, அதன் மேல் வாழும் கிருமிகள் அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன. எரிவதால் துலக்குவதில்லை, துலக்காததால் காரை படிகிறது, காரையால் லைக்கன் பிளானஸ் கிளம்புகிறது, மறுபடி எரிகிறது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1990ல் டென்மார்க் ஆய்வாளர்கள், ஈறில் லைக்கன் பிளானஸ் உள்ளவர்களுக்குப் பல் சுத்தத்தை மட்டும் தீவிரமாகச் செய்து, புண்கள் தணிவதைக் காட்டினார்கள். 2015ல் இங்கிலாந்திலிருந்து வெளியான ஆய்வு இன்னும் கட்டுக்கோப்பானது. 82 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மின்சார பிரஷ்ஷும் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் பயிற்சியும் கொடுத்தார்கள், மற்றக் குழு வழக்கப்படியே துலக்கியது. 20 வாரம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களுக்கு வலியும் குறைந்திருந்தது, ஈறின் நிலையும் தேறியிருந்தது. ஒழுங்காகச் சுத்தம் செய்வதே இவ்வளவு மாற்றத்தைக் கொண்டுவருகிறது என்றால், எரிகிற ஈறுக்கு பிரஷ்ஷைக் காட்டாதே என்று வீட்டில் சொல்லும் அறிவுரை எவ்வளவு கெடுதல் செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் சுத்தம் லைக்கன் பிளானஸைக் குணப்படுத்திவிடாது. அது பல வருடம் கூடவே இருக்கும் நோய். சில மாதம் அடங்கும், மன அழுத்தம், தூக்கமின்மை, உடல்நலக் குறைவு வரும்போது கிளம்பும். சுத்தம் அதைத் தூண்டிவிடும் ஒரு பெரிய காரணத்தை விலக்குகிறது, அவ்வளவுதான். மீதி வேலையை மருந்து செய்ய வேண்டும். மேலே தடவும் ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. டிரையாம்சினலோன் பசை, அதற்கு அடங்காவிட்டால் குளோபெட்டசால். எச்சில் ஊறும் இடத்தில் மருந்து நிற்காது என்பதால், அச்செடுத்துச் செய்த மெல்லிய பிளாஸ்டிக் தட்டுக்குள் மருந்தைப் பூசிப் பல்வரிசையில் மாட்டிக்கொள்ளும் முறை ஈறுக்கு நன்றாக வேலை செய்கிறது. தடவிய பிறகு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. நீண்ட நாள் தடவினால் வாயில் பூஞ்சை படரலாம், வெள்ளையாகத் தயிர்த்திவலை ஒட்டியதுபோல் வந்தால் மருந்து கொடுத்தவரிடம் உடனே காட்ட வேண்டும். இந்த ஸ்டீராய்டு டியூப்புகளைச் சீட்டு இல்லாமலேயே கடையில் வாங்கி வருடக்கணக்கில் தடவும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. காரைக்கு மேல் ஸ்டீராய்டு தடவினால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும், அடியில் எலும்பு கரைந்துகொண்டே இருக்கும்.

சரி, எரிகிற ஈறை வைத்துக்கொண்டு எப்படித் துலக்குவது? இருப்பதிலேயே மிருதுவான பிரஷ் வேண்டும், தலை சின்னதாக இருக்கட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் ஊறவைத்தால் நார் இன்னும் மெத்தென்றாகும். நுரை அதிகம் வரும் பேஸ்ட்டில் சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைப்பொருள் இருக்கும், அது இவர்களுக்குச் சுள்ளென்று எரியும். அது இல்லாத பேஸ்ட் கிடைக்கிறது, டப்பாவைத் திருப்பிப் படித்து வாங்க வேண்டும். லவங்கப்பட்டை வாசனை, காட்டமான புதினா இரண்டையும் தவிர்க்கலாம், லவங்கப்பட்டை சிலருக்கு இதே மாதிரி புண்களை அதுவே உண்டாக்கக்கூடியது. பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் இடத்தில் சாய்வாக வைத்து, இரண்டு மூன்று பல்லாக எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். குறுக்கே இழுத்துத் தேய்க்கக் கூடாது. முதல் சில நாட்கள் ரத்தம் வரும், அதைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. பேஸ்ட்டே ஆகவில்லையா, வெறும் பிரஷ்ஷால் துலக்குங்கள், அழுக்கை எடுப்பது நார்தான். பல்லிடுக்குக்குத் தனி பிரஷ் உண்டு, எந்த அளவு என்று பல் டாக்டரிடம் கேட்டு வாங்குவது நல்லது. உப்பும் கரியும், செங்கல் தூள், சொரசொரப்பான பல்பொடி, விரலால் அழுத்தித் தேய்ப்பது இவையெல்லாம் இந்த ஈறுக்கு ஆகவே ஆகாது. ஆலங்குச்சி, வேப்பங்குச்சி மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் தோலுரிந்த ஈறில் அந்தக் குச்சியின் நார் குத்தும்.

ஸ்கேலிங், அதாவது பல் டாக்டர் காரையைச் சுரண்டி எடுப்பது, பற்றிய பயத்தைப் போக்குவதுதான் இதில் பெரிய வேலை. சுத்தம் பண்ணினால் பல் ஆடும் என்று ஆற்காட்டிலிருந்து வாணியம்பாடி வரை சொல்லாதவர் இல்லை. எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லைக் காரை பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் அந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. லைக்கன் பிளானஸ் உள்ளவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை. ஈறு கொழுந்துவிட்டு எரியும்போது போய்ச் சுரண்டினால் அந்தக் காயமே நோயைக் கிளப்பலாம். அதனால் விவரம் தெரிந்த டாக்டர்கள் முதலில் மருந்தால் கொஞ்சம் அடக்கிவிட்டு, பிறகு பல் பல்லாக, மெதுவாக, இரண்டு மூன்று அமர்வாகச் சுத்தம் செய்வார்கள். அப்புறம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்வார்கள். வருடத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கு இவர்களுக்குப் போதாது.

நோயை உறுதி செய்ய ஈறிலிருந்து ஒரு துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ண வேண்டியிருக்கும். சதை டெஸ்ட் என்றதும் புற்றுநோய் என்று நினைத்து வீடே அழுதுவிடுகிறது. இங்கே அது எடுக்கப்படுவது முக்கியமாக வேறு காரணத்துக்கு. ஈறு தோலுரிவது லைக்கன் பிளானஸால் மட்டும் வருவதில்லை. பெம்பிகஸ், பெம்பிகாய்டு என்ற கொப்புள நோய்களும் ஈறில் இதே முகத்தோடு வரும். பெம்பிகஸைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து, பெம்பிகாய்டு கண்ணைப் பாதிக்கக்கூடியது. மூன்றையும் வெறும் கண்ணால் பிரிக்க முடியாது. சதையை இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சாதாரண நுண்ணோக்கிக்கும், இன்னொன்றை ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்க்கும் பரிசோதனைக்கும் அனுப்புவார்கள். இங்கேயும் காரை குறுக்கே வருகிறது. அழுக்கால் வீங்கிய ஈறிலிருந்து சதை எடுத்தால், அந்த வீக்கத்தின் அணுக்களே எல்லாவற்றையும் மூடிவிடும், ரிப்போர்ட்டில் சாதாரண அழற்சி என்று வந்துவிடும். முதலில் சுத்தம் செய்து, சில வாரம் கழித்து, புண்ணின் நடுவில் எடுக்காமல் அதன் ஓரத்தில் எடுத்தால்தான் விடை தெளிவாகக் கிடைக்கும்.

பல் டாக்டரிடம் போகும்போது தினமும் போடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துப் போங்கள். பி.பி. மாத்திரைகளில் சில, மூட்டு வலி மாத்திரைகள், மலேரியாவுக்கும் மூட்டு வாதத்துக்கும் கொடுக்கும் குளோரோகுயின் வகை, சர்க்கரைக்கான சில மாத்திரைகள் ஆகியவை லைக்கன் பிளானஸைப் போலவே இருக்கும் புண்களை உண்டாக்கலாம். 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வழியாக பி.பி., சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு. வாய் எரிகிறது என்று யாரும் அதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. மாற்ற வேண்டுமா என்பதை எழுதிக் கொடுத்த டாக்டர் முடிவு செய்யட்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும் என்பது உறுதியான விஷயம், அதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை அடக்கும் இடத்தில் மட்டும் இணையிணையாக வெள்ளைக் கோடுகள் வருவதும் உண்டு. அது வேறு, போடுவதை நிறுத்தினால் பெரும்பாலும் மறையும். பீடி, சிகரெட் குடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: புகை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் ரத்தக் கசிவு குறைவாக இருக்கும், ஈறு நன்றாக இருப்பதுபோலத் தோன்றும், உள்ளே எலும்பு போய்க்கொண்டிருக்கும்.

சாப்பாட்டில் என்ன விலக்குவது என்ற கேள்வி கட்டாயம் வரும். கத்திரிக்காய் கரப்பான் என்று சொல்லி, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் விளையும் ஊரிலேயே அதைத் தொடாமல் இருப்பவர்களைப் பார்க்கிறேன். எந்தக் காயும் இந்த நோயை உண்டாக்குவதில்லை. புண் இருக்கும் நாட்களில் காரம், புளி, எலுமிச்சை, சூடு, மொறுமொறுப்பான முறுக்கு ஆகியவை வலியைக் கூட்டும், அப்போது மட்டும் ஒதுக்கினால் போதும். அடங்கியிருக்கும் நாட்களில் ஆம்பூர் பிரியாணியும் சாப்பிடலாம், கூட வரும் கத்திரிக்காயும் சாப்பிடலாம்.

வேலூர் மாதிரி பெரிய மருத்துவமனைகள் இருக்கும் ஊரிலும் தோல் டாக்டர் ஒருவர், பல் டாக்டர் ஒருவர் என்று நோயாளி நடுவில் அலைவது நடக்கத்தான் செய்கிறது. தோல் டாக்டர் மருந்து எழுதுகிறார், காரையைப் பார்ப்பதில்லை. பல் டாக்டர் காரையை எடுக்கிறார், கையிலும் காலிலும் அரிக்கும் ஊதாப் பருக்கள் இருக்கிறதா என்று கேட்பதில்லை. பெண்களுக்குப் பிறப்புறுப்பிலும் இதே நோய் எரிச்சலாகவும் புண்ணாகவும் வரலாம். 1982லேயே ஈறையும் அதையும் சேர்த்து ஒரே நோயாக விவரித்திருக்கிறார்கள். கேட்டால்தான் சொல்வார்கள், கேட்பவர் குறைவு. அதனால் நோயாளியே இரண்டு பேரிடமும் இரண்டையும் சொல்லிவிடுவது நல்லது.

புற்றுநோய் பயத்துக்கு வருகிறேன். வாய் லைக்கன் பிளானஸை உலக சுகாதார நிறுவனம் புற்றாக மாறும் வாய்ப்புள்ள நிலைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. மாறுவது 100 பேரில் சுமார் ஒருவருக்கு, அதுவும் பல வருட காலத்தில். சிவந்து புண்ணாகும் வடிவம், நாக்கில் இருப்பது, புகையிலை, மது ஆகியவை அந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன. பயந்து ஒடுங்க வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது காட்டிக்கொண்டே இருந்தால் போதும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தொட்டால் கெட்டியாகத் தட்டுப்படும் இடம், திடீரென்று ஆடத் தொடங்கும் ஒற்றைப் பல், கழுத்தில் கட்டி இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்பிப் போய்க் காட்டுங்கள்.